சிறுநீரகக் கொடையும் மனச் சம்மதமும்



பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நமக்கு, மொழியால் நேரும் சிறு தொல்லைகள் புதியவை அல்ல. ரேஷன் அட்டையில் தகப்பனார் பெயரே நம் பெயராகிவிடும். பள்ளிப் பதிவேட்டில் தலைப்பெழுத்து குடும்பப் பெயராக மாறி நிற்கும். இவற்றைச் சிரித்தபடியே பொறுத்துக்கொள்கிறோம். ஆனால், ஒரு சொல்லைப் பிழையாகப் பெயர்த்தால் ஒருவருடைய உடலே பணயமாகும் இடமும் உண்டு. மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாக ஊழியம் செய்யும் நான், அதனை 2023ஆம் ஆண்டில் மும்பை மருத்துவமனை ஒன்றில் கற்றுக்கொண்டேன்.

என் தமையனார் தாராவியில் தோல் பை தைக்கும் தொழில் செய்பவர். இரத்த அழுத்தம் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டையும் ஓசையின்றிச் செயலிழக்கச் செய்துவிட்டது. வாரத்திற்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம், டயாலிசிஸ் இயந்திரத்தின் அருகில் படுத்திருக்க வேண்டிய நிலை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவதே நல்ல வழி என்றனர் மருத்துவர்கள். மாட்டுங்காவில் உறவினர் வீட்டில் கூடிப் பேசினோம். எல்லாருடைய கண்களும் மதினியின் பக்கம் திரும்பின. “தாலி கட்டியவனுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பாள்?” என்றார் பெரியவர் ஒருவர். மதினி ஒன்றும் பேசவில்லை. மௌனம் சம்மதம் என்று நாங்கள் முடிவு செய்துகொண்டோம்.

சட்டம் அவ்வாறு முடிவு செய்வதில்லை. நம் நாட்டில் உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு, 2011இல் திருத்தப்பட்டது. தாய், தந்தை, மகன், மகள், உடன்பிறந்தார், கணவன், மனைவி ஆகியோருடன், பாட்டன் பாட்டியரும் பேரன் பேத்தியரும் நெருங்கிய உறவினர் என அச்சட்டத்தில் கொள்ளப்படுகின்றனர். 2014ஆம் ஆண்டு விதிகளோ மேலும் ஒரு படி செல்கின்றன. கொடுப்பவர் பெண்ணாயின் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்றும், அவருடைய தன்னிச்சையான சம்மதத்தை, பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதி செய்ய வேண்டும் என்றும் அவை பணிக்கின்றன.

மதினிக்குத் தமிழ் ஒன்றே தெரியும். ஆகவே மருத்துவர், அறுவையின் நன்மை தீமைகளை எடுத்துரைத்து, அவருடைய கருத்தைக் கேட்டுச் சொல்லுமாறு என்னையே வேண்டினார். நானும் விளக்கினேன். மதினி தலை நிமிராமல், “நீங்கள்லாம் பேசி முடிச்சப்புறம் நான் சொல்ல என்ன இருக்கு, தம்பி?” என்றார். நான் மருத்துவரிடம் இந்தியில் கூறியது இரண்டே சொற்கள்: “சம்மதம் என்கிறார்.”

இருபது ஆண்டுகளாகச் சுற்றறிக்கைகளில் ஒரு காற்புள்ளி பிறழாமல் மொழிபெயர்த்தவன், அன்று என் குடும்பத்தின் விருப்பத்தைத்தான் மொழிபெயர்த்தேன். மதினியின் சொல்லை அன்று. செம்பூரில் என் வீட்டில் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் சென்று மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. தமிழ் அறிந்த செவிலியர் ஒருவரை அழைத்து, எங்களில் ஒருவரும் உடனில்லாமல் மதினியோடு பேசச் செய்தார். பின்னர் எங்களிடம், “இவரை எடுத்துக்கொள்வதற்கில்லை, வேறு யாரேனும் இருக்கிறார்களா?” என்று மட்டுமே கேட்டார். சிறு குழந்தைகளை எண்ணி மதினி அஞ்சியிருக்கிறார்; மறுத்தால் என்ன பேச்சு வருமோ என்று அதைவிட அதிகமாக அஞ்சியிருக்கிறார். அவருடைய அனுமதி பெற்றே இதனை இன்று சொல்லுகிறேன்.

அந்தக் கேள்வி எழுந்த பிறகுதான், உடன்பிறந்தவன் நான் ஒருவன் இருக்கிறேன் என்பது எனக்கே நினைவுக்கு வந்தது! இது என் ஒருவனுடைய மறதி மட்டுமன்று. 1995 முதல் 2021 வரை நம் நாட்டில் உறுப்பு பெற்றவர்களில் ஐந்தில் நால்வர் ஆடவர். உயிரோடிருந்து உறுப்பு ஈந்தவர்களிலோ பெரும்பாலோர் பெண்கள்.

உயிரோடிருப்பவர் ஒருவரின் சிறுநீரகம் மற்றொருவருக்கு முதன்முதல் வெற்றியுடன் பொருத்தப்பட்டது 1954 டிசம்பர் 23இல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில். டாக்டர் ஜோசப் மரே அதனைச் செய்தார். ரொனால்டு ஹெரிக் என்பவர் தம் இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்கு ஈந்தார். அறுவைக்கு முந்திய இரவு, வீட்டுக்குப் போய்விடுமாறு நோயாளியே சகோதரருக்குச் சீட்டு எழுதியனுப்பினாராம். அவர் போக மறுத்துவிட்டார். கதவு திறந்திருந்தும் தங்கினார் அன்றோ, அதுவே கொடை. ரிச்சர்டு எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார்; ஈந்தவர் 2010 வரை, 79 வயது வரை வாழ்ந்தார். நம் நாட்டில், உயிரோடிருப்பவர் ஈந்த சிறுநீரகத்தை வெற்றியுடன் பொருத்திய பெருமை, 1971இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சேர்ந்தது.

இக்கலை வளர்ந்தபோதே வாணிபமும் புகுந்தது. சிறுநீரகத்தை விற்ற 305 பேரிடம் 2001இல் சென்னையில் நடத்திய ஆய்வொன்று மறு ஆண்டு வெளியாயிற்று. நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கவே விற்றதாகக் கூறினர். விற்ற பின்னர் அவர்களுடைய குடும்ப வருவாய் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நான்கில் மூவருக்குக் கடனும் தீரவில்லை. இன்று இவ்வாணிபத்திற்கு ஐந்து முதல் பத்து ஆண்டுச் சிறையும், இருபது இலட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. வறுமை பேசினாலும், உறவினர் வற்புறுத்தல் பேசினாலும், அது கொடுப்பவருடைய குரல் ஆகாது.

நான் முன்வந்ததும் இரத்தம், சிறுநீர், இதயம், மனநிலை எனப் பல சோதனைகள் நடந்தன. “நாளைக்கு உங்களுக்கு ஒன்று என்றால்?” என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. மருத்துவரிடம் கேட்டறிந்ததை மறைக்காமல் அவளிடம் சொன்னேன். அறுவையால் உயிருக்கு நேரும் ஆபத்து பதினாயிரத்தில் மூவருக்கு மேற்படாது. எஞ்சிய சிறுநீரகம் சற்றே பெருத்து வேலையை ஏற்றுக்கொள்ளும். எனினும் ஆபத்தே இல்லை என்பது பொய். கொடுத்தவர்களுள் பதினாயிரத்துக்கு ஏறக்குறைய 90 பேருக்கு வாழ்நாளில் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும் என்றும், அவர்களையொத்த உடல்நலமுள்ள, கொடுக்காதவர்களுள் அது 14 என்றும் 2014இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று மதிப்பிட்டது. ஆண்டுதோறும் பரிசோதனை அவசியம். மனைவி இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

சிறு துளைகள் வழியே அறுவை முடிந்தது. சில வாரங்கள் வலி இருந்தது. உறுப்பு ஈயும் மத்திய அரசு ஊழியருக்கு 42 நாள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு வழங்கும் ஆணை 2023 ஏப்ரலில் வெளிவந்திருந்தது, அது கைகொடுத்தது. தமையனார் மீண்டும் தையல் இயந்திரத்தின் முன் அமர்கிறார். வாழ்நாள் முழுதும் மருந்து உண்ணவேண்டும் என்பதையும் மறக்கவில்லை.

வெளி மாநிலத் தமிழர்க்கு இறுதியாகச் சில சொற்கள். உறவைக் காட்டும் ஆவணங்களில் பெயரும் தலைப்பெழுத்தும் ஒத்திருக்கின்றனவா என்று முதலிலேயே பாருங்கள். இரத்த வகை பொருந்தாவிடில் மனம் தளராதீர்கள். அத்தகைய இரு குடும்பங்கள் தம்முள் மாற்றிக்கொள்ள 2011ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கொடுப்பவருக்கு அவ்வூர் மொழி தெரியாதாயின், வீட்டார் அல்லாத தமிழறிந்த ஒருவரைக் கேட்டுப் பெறுங்கள். “மாட்டேன்” என்று சொல்ல இடமிருக்கும் வீட்டில்தான் “தருகிறேன்” என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.