முந்துவதும் பொறுப்பதும்: மின்பகிர்மானத்தில் காப்பு உணர்த்திகளின் ஒருங்கிணைப்பு



மின்காப்புத் துறையில் பணியாற்றும் நாங்கள் இன்று ஒரு சிறு கருவியைப் பற்றிப் பேச வந்துள்ளோம். பணிமனையில் அதனை ‘ரிலே’ என்பர். நூல்கள் ‘உணர்த்தி’ என்கின்றன. மின்தடத்தில் பழுது நேர்ந்ததைத் தான் உணர்ந்து, தடத்தைத் துண்டிக்கும்படி சுற்றுமுறிப்பானுக்கு உணர்த்துவதால் அப்பெயர் பொருத்தமானதே.

துணை மின்நிலையத்திலிருந்து 11 கிலோவோல்ட் தடம் ஒன்று புறப்பட்டுப் பல இடங்களுக்கு மின்சாரம் தருகிறது. அவற்றுள் ஒரு தொழிற்சாலைக்குள் கம்பிவடம் பழுதடைந்தால், அந்தப் பெருமின்னோட்டம் தொழிற்சாலை வாயிலில் உள்ள உணர்த்தியையும் துணை மின்நிலையத்தில் உள்ள உணர்த்தியையும் கடந்தே செல்லும். இரண்டுமே பழுதை அறியும். ஆயினும் முதலில் செயற்பட வேண்டியது பழுதுக்கு அண்மையில் உள்ளதே. மற்றது பொறுத்திருக்க வேண்டும். முன்னது தவறினால் மட்டுமே முன்வர வேண்டும். இந்த முறைவைப்பையே ஒருங்கிணைப்பு என்கிறோம்.

பொறுத்திருக்கும் காலத்தைக் கணக்கிட்டே அமைக்கிறோம். பரவலாக வழங்கும் எதிர்விகித வகை உணர்த்தியில், மின்னோட்டம் மிகுந்தால் செயற்படும் நேரம் குறையும். தொடக்க அளவைப்போல் 10 மடங்கு மின்னோட்டம் பாயும்போது, காலப்பெருக்கி 1 என்றிருந்தால் ஏறக்குறைய 3 வினாடி ஆகும், 0.1 என்றிருந்தால் 0.3 வினாடி போதும். இரு உணர்த்திகளுக்கிடையே பொதுவாக 0.3 முதல் 0.4 வினாடி வரை இடைவெளி விடுகிறோம். முறிப்பான் திறக்கும் நேரம், கருவிகளின் துல்லியக் குறைவு, சிறிது பாதுகாப்பு இடம் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும்.

நாங்கள் கண்ட ஒரு நிகழ்வை, எண்களை எளிதாக்கிச் சொல்கிறோம். ஒரு தொழிற்சாலையின் உணர்த்தி 0.3 வினாடியிலும், துணை மின்நிலைய உணர்த்தி 0.7 வினாடியிலும் செயற்படுமாறு அமைந்திருந்தன. பெரிய மோட்டார்கள் இயங்கத் தொடங்கும்போதெல்லாம் மின்சாரம் துண்டிக்கப்படுகிறதே என்று, அங்கிருந்த ஒருவர் தம் உணர்த்தியின் காலப்பெருக்கியை 0.3 ஆக உயர்த்திவிட்டார். அவர் நோக்கில் சிக்கல் தீர்ந்தது. சில மாதங்கள் கழித்துக் கம்பிவடம் பழுதானபோது அவரது உணர்த்தி 0.9 வினாடி காத்திருந்தது, 0.7 வினாடியில் மேலுள்ளது செயற்பட்டுவிட்டது. அத்தடத்தை நம்பியிருந்த வீடுகளும் ஒரு மருந்தகமும் இருளில் ஆழ்ந்தன. பழுது ஓரிடத்தில், தண்டனை ஊருக்கு.

அப்படியானால் மேலுள்ளதை இன்னும் பொறுத்திருக்கச் செய்யலாமே என்று வினவலாம். அங்கேதான் இடர். மின்வாயிலை நெருங்க நெருங்கப் பழுது மின்னோட்டம் பெருகும். வெப்பமோ அம்மின்னோட்டத்தின் இருமடிக்கும் அது நீடிக்கும் நேரத்திற்கும் ஏற்ப உயரும். மிகுதியான சேதம் விளையக்கூடிய இடத்தில்தான் மிக நெடிய காத்திருப்பும் அமைகிறது. ஆகவே அத்தகைய இடங்களில், தடத்தின் இருமுனை மின்னோட்டங்களையும் ஒப்பிட்டு உடனே செயற்படும் வேறுபாட்டுக் காப்பினைச் சேர்க்கிறோம்.

அமைத்த எண் என்றைக்கும் சரியாயிருக்கும் என்பதும் இல்லை. 1965 நவம்பர் 9 அன்று கனடாவின் ஒண்டாரியோவில், சர் ஆடம் பெக் மின்நிலையத்திலிருந்து சென்ற ஐந்து தடங்களுள் ஒன்றை அதன் உணர்த்தி துண்டித்தது. அங்குப் பழுது ஏதுமில்லை. உணர்த்தியின் அளவு தடத்தின் தாங்குதிறனைவிட மிகக் குறைவாக அமைக்கப்பட்டிருந்தது. வளர்ந்துவந்த மின்சுமை அன்று மாலை அந்த அளவைத் தொட்டுவிட்டது. சுமை மற்ற நான்கு தடங்களுக்குத் தாவ, அவையும் சில வினாடிகளில் துண்டிக்கப்பட்டன. வட அமெரிக்காவின் வடகிழக்கில் ஏறத்தாழ 3 கோடிப் பேர் மின்சாரம் இழந்தனர். சில இடங்களில் அது 13 மணிநேரம் வரை நீடித்தது.

பெரியோரே, ஓர் உணர்த்தியின் எண் அதன் உரிமையாளருக்கு மட்டும் உரியதன்று. அது மேலுள்ளதோடும் கீழுள்ளதோடும் செய்துகொண்ட உடன்பாடு. புதிய மோட்டார் வந்தாலும், கூரையில் சூரியத் தகடுகள் ஏறினாலும், அவ்வுடன்பாட்டை எல்லாரும் கூடித் திரும்பப் பார்க்க வேண்டும். இரவுப் பணியில் தனித்து நிற்கும் தொழிலாளியும் தாம் தொடும் எண்ணின் பொருளை அறிந்திருத்தல் வேண்டும். அதனை அவருக்கு விளங்கும் மொழியில் எழுதி வைப்பதும் எங்கள் காப்புப் பணியின் ஒரு பகுதியே எனக் கருதுகிறோம்.