பெண்களும் பக்கவாதமும்

கல்லூரி நினைவுகளைப் பேசத்தான் அழைத்தார்கள். நான் என் அம்மாவைப் பற்றிப் பேசப் போகிறேன், மன்னிக்கணும்.

கிருத்திகை தவறாமல் 365 படியும் ஏறுவார் அம்மா. "படி ஏறுற உடம்புக்கு என்ன வரும்?" என்று ரத்த அழுத்தம் பார்த்ததே இல்லை. 52 வயதில் ஒரு நாள் காலை, காபி டம்ளர் கைநழுவி விழுந்தது. வாய் கோணியது, பேச்சு குழறியது. "அசதிதான், அப்பா வரட்டும்" என்றார். பக்கத்து வீட்டில் காத்து பட்டிருக்கு என்று விபூதி போட்டார்கள். ஒருவர் புறா ரத்தம் தேய்க்கச் சொன்னார். இன்னொருவர் ஆந்திரா பக்கம் நாட்டு மருந்து இருக்குன்னார். (எல்லைக்கு அந்தப் பக்கமும் இதற்குப் பெயர் பக்ஷவாதம்தான், வைத்தியமும் ஏறக்குறைய ஒண்ணுதான்!) நான் விலங்கியல் பட்டதாரி. மூளையைப் படம் வரைந்து மார்க் வாங்கினவள். நானும் "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்" என்றேன். ஆஸ்பத்திரி போனது சாயங்காலம்.

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அடைத்தால், நிமிஷத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, அது அடைப்பா, ரத்தக்கசிவா என்று பார்த்தாக வேண்டும். கசிவுக்கு அந்த ஊசி போட்டால் ஆபத்து.

உலகில் பக்கவாதத்தால் இறப்பவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். பணக்கார நாட்டில் பக்கவாதம் வரும் பெண்களில் பெரும்பாலோர் எழுபதைத் தாண்டிய பாட்டிகள். நம் ஊரிலோ பேத்தி எடுக்காத வயசிலேயே வந்துவிடுகிறது. பச்சை உடம்புக்காரிக்கும் வருகிறது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளை ரத்தக்குழாய் அடைத்த 135 பெண்களைப் பற்றி, மதுரை டாக்டர் கே. சீனிவாசன் 1983-இல் ஆய்வு வெளியிட்டார். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டல்லவா? உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் கெட்டிப்படும்.

இதெல்லாம் தலையெழுத்து என்று சொல்வதற்கில்லை. ஜப்பானில் 1951 முதல் 1980 வரை மரணத்துக்கு முதற்காரணமே பக்கவாதம்தான். ஊர் ஊராக ரத்த அழுத்தம் பார்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், உப்பைக் குறைத்தார்கள். சாவு பெருமளவு குறைந்தது. நமக்கும் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வந்திருக்கிறது. மாத்திரை வீடு தேடி வருகிறது. ஆனால் வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதானே அம்மாவுக்குத் தன் மாத்திரை நினைவுக்கு வருகிறது!

முகம் கோணினால், ஒரு கை தூக்க வரவில்லை என்றால், பேச்சு குழறினால் மணியைப் பாருங்கள், உடனே 108-க்குப் போன் பண்ணுங்கள். ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே போகச் சொல்லுங்கள். யார் வரட்டும் என்றும் காத்திருக்காதீர்கள்.

அம்மா இன்னும் ஒன்பது வருஷம் இருந்தார். வலது கை வரவே இல்லை. மலைக்கு மட்டும் காரில் கூட்டிப் போவோம். படிகளைப் பார்த்துக்கொண்டே வருவார்.

வாசலில் ரத்த அழுத்தக் கருவியோடு நர்ஸம்மா உட்கார்ந்திருக்கிறார். சாப்பாட்டுப் பந்திக்குப் போகுமுன் எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்காரம்மாவை முதலில் உட்கார வையுங்கள்.