கேட்பதற்கும் ஒரு முறை உண்டு



பொதுத்தொண்டு செய்ய நல்ல மனம் மட்டும் போதாது, பொருளும் வேண்டும். அப்பொருளைப் பிறரிடம் கேட்டுப் பெறுவதற்கு ஒரு முறையும் வேண்டும். அம்முறையை விளக்கச் சமுதாய அறக்கட்டளை என்னும் அமைப்பு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். அது தோன்றிய காரணத்தை முதலில் கூறுகிறேன்.

அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரில் பிரையன் முல்லன்பி என்னும் செல்வர் வாழ்ந்தார். 1851-இல் காலமான அவர், மேற்குப் பகுதியில் குடியேறுவதற்காக அந்நகர் வழியே செல்லும் ஏழைப் பயணிகளுக்கென்று தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுதிவைத்தார். அன்று அது பேருதவி. பின்னர் இருப்புப்பாதை வந்தது. கூண்டு வண்டிகளில் செல்வோர் அருகினர். பணம் இருந்தது, பெறுவோர் குறைந்தனர். இறந்தவரின் உயில், இருப்பவரின் கையைக் கட்டிவிட்டது.

இத்தகைய இடர்ப்பாட்டுக்கு மாற்று வழி கண்டவர், ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் வழக்கறிஞராகவும் வங்கித் தலைவராகவும் விளங்கிய பிரடரிக் கோஃப். 1914-இல் அவர் கிளீவ்லாந்து அறக்கட்டளையை நிறுவினார். பலர் தரும் நன்கொடைகளையும் ஒருங்கே திரட்டிக் காத்து, அவற்றின் வருவாயை ஊர்ப் பெரியோர் குழுவொன்று அவ்வக்காலத் தேவையறிந்து பகிர்ந்தளிப்பதே அவர் கண்ட வழி. ஒரு நோக்கம் காலத்துக்கு ஒவ்வாததாகிவிடின், அதனை மாற்றவும் இடம் வைத்தார். சமுதாய அறக்கட்டளைகளுள் இதுவே முதலாவது. இன்று அந்நாட்டில் இத்தகையவை நூற்றுக்கணக்கில் இயங்குகின்றன.

இவற்றிடம் ஓர் உள்ளூர்ச் சங்கம் மானியம் கோருவது எவ்வாறு?

முதலாவது, தகுதி. ஒவ்வோர் அறக்கட்டளைக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லைக்குள் பணி நடைபெற வேண்டும். அறப்பணிச் சங்கமென வரிவிலக்குப் பெற்றிருத்தலும் வேண்டும். அவ்விலக்கு இன்னும் கிட்டாத சிறு சங்கம், விலக்குப் பெற்ற வேறொரு சங்கத்தின் பொறுப்பில் நின்று கேட்கலாம்.

இரண்டாவது, அறக்கட்டளை எப்பணிகளுக்கு உதவுகிறது, எந்நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று அறிதல். அலுவலரை முன்னதாகவே கண்டு பேசுவது பெரிதும் உதவும்.

மூன்றாவது, விண்ணப்பம். பல இடங்களில் முதலில் சுருக்கமானதொரு கடிதமே கேட்பர். பொருத்தமாயின் முழு விண்ணப்பம் கோருவர். ஊரின் குறை என்ன, பயன்பெறுவோர் எத்தனை பேர், செய்யப்போவது என்ன, செலவு எவ்வளவு, வேறு வரவு உண்டா, நிருவாகிகள் யாவர் என்பவற்றை அதில் தெளிவாகக் கூற வேண்டும். வரவு செலவுக் கணக்கும் இணைக்கப்பட வேண்டும்.

நான்காவது, பணம் பெற்றபின் அதனைச் செலவிட்ட விவரத்தையும் விளைந்த பயனையும் மறைக்காமல் அறிவித்தல்.

இவையெல்லாம் வெறும் அலுவலகச் சடங்குகள் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் ஒருகாலத்தில் அவ்வாறே நினைத்தேன். தலைமையாசிரியனாக இருந்தபோது நாங்கள் நடத்திய மாலை வகுப்புக்கு உதவி வேண்டி ஓர் அறநிலையத்துக்கு எழுதினேன். கல்வியின் பெருமையை நான்கு பக்கம் வருணித்தேன். விண்ணப்பம் திரும்பி வந்தது. அதனுடன் ஒரு கேள்வியும் வந்தது: ‘நாள்தோறும் வருகின்ற பிள்ளைகள் எத்தனை பேர்?’

முதலில் சினம் வந்தது. பிறகு நாணம் வந்தது. என்னிடம் விடை இல்லை. பிறருக்கு வருகைப் பதிவேட்டின் அருமையைப் போதித்த நான், அவ்வகுப்புக்கு ஒரு பதிவேடு வைக்கவில்லை! அன்றே தொடங்கினோம். இரண்டு மாதத்தில் ஓர் உண்மை தெரிந்தது. வகுப்பு முடிய இருட்டிவிடுவதால், தொலைவிலிருந்து வரும் பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுகொண்டிருந்தனர். வகுப்பை ஒரு மணி நேரம் முன்னதாக வைத்தோம். அவர்கள் திரும்பி வந்தனர். மறு ஆண்டு எழுதிய விண்ணப்பம் இரண்டே பக்கம். மானியமும் கிடைத்தது. ஆயினும் அந்தக் கேள்வி தந்த பயனே பெரிது என்பேன்.

மாணவர்களே, நாளை நீங்களும் சங்கங்களை நடத்துவீர்கள். மானியம் கேட்பது இரத்தல் அன்று. ஊரின் பொதுப்பணத்துக்குப் பொறுப்பேற்பதாகும். அறங்கூட காலம் மாறினால் பயனிழக்கும் என்பதை முல்லன்பியின் நிதி காட்டிற்று. ஆகவே, இன்று நம் ஊரில் குறைபட்டு நிற்பவர் யார் என்பதை முதலில் எண்ணி அறியுங்கள். பின்னர் எழுதுகோலை எடுங்கள்.