முதியோரும் குறைபார்வையும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

கலைநிகழ்ச்சிக்குக் காத்திருக்கும் இளைஞர்களின் பொறுமையை நெடுநேரம் சோதிக்க நாம் விரும்பவில்லை. முன்வரிசையில் அமர்ந்துள்ள மூத்தோர் பொருட்டுச் சில சொல்லவே எழுந்தோம். பேசுபவர் யாரென்று நம் முகம் கண்டு அறிந்தோர் அவர்களுள் எத்தனை பேர்? குரல் கேட்டு அறிந்தோரே பலராவர்.

2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, கேரளத்தில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 12.6 பேர். இந்திய மாநிலங்களுள் இதுவே மிகுதி. நம் கோவிந்தாபுரத்திலோ, இளையோர் வேலை தேடி வெளியூர் செல்ல, வீடு காப்போர் முதியோரே.

முதுமையில் கண் மங்கினால் "புரை, அறுத்தால் சரியாகும்" என்கிறோம். பெரும்பாலும் அது மெய்யே. 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், ஐம்பது வயதைக் கடந்தோரின் பார்வையிழப்புக்கு நூற்றுக்கு 66 பங்கு புரையே காரணமெனக் கண்டனர். எஞ்சிய பங்கைப் பற்றியே நம் கவலை. சர்க்கரை நோயால் கெட்ட விழித்திரை, கண்ணின் நீர் அழுத்தத்தால் நலிந்த நரம்பு, மூப்பினால் தேய்ந்த விழித்திரையின் நடுப்பகுதி ஆகியவற்றால் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. நற்கண் உடையவர் 18 மீட்டர் தொலைவில் காணும் எழுத்தை, தக்க கண்ணாடி அணிந்தும் 6 மீட்டருக்குள் வந்தால்தான் காண முடியும் என்னும் நிலைக்கு ஒருவர் தாழ்ந்துவிட்டால், அதனைக் குறைபார்வை என்பர். அவர் குருடரல்லர், ஆயினும் வீட்டார் அவரைக் குருடராக்கி விடுகின்றனர்!

நம் காலனியில் நாளேட்டை உரக்கப் படித்துப் பத்துப் பேருக்குச் செய்தி சொல்லிவந்த பெரியவர் ஒருவர் உண்டு. சர்க்கரை நோய் அவர் விழித்திரையைத் தாக்கிற்று. ஒளிக்கதிர்ச் சிகிச்சைக்குப் பின், இதற்குமேல் பார்வை தெளியாது என்று மருத்துவர் கூறினார். அன்றே வீட்டில் நாளேடு நின்றது; பிறகு கடைக்குப் போவது நின்றது; பணப்பையும் கைமாறிற்று. அன்பினால்தான் அவ்வாறு செய்தனர். அவரோ திண்ணையிலேயே ஒடுங்கிப்போனார்.

சில திங்கள் கழித்து அவரைக் கோவை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள், முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்த நிலையிலும், அரசுப் பணியினின்று ஓய்வுபெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய நிறுவனத்தின் கிளை அது, 1997-இல் ஏற்பட்டது. அங்கே குறைபார்வையினருக்கெனத் தனிப்பிரிவு இருக்கிறது. பெரியவர் பெற்று வந்தவை மூன்று: தாளின்மேல் நிறுத்தி வைக்கும் பூதக்கண்ணாடி, ஒரு மேசை விளக்கு, ஒரே வரி தெரியும்படி நடுவில் பிளந்த கறுப்பு அட்டை. விளக்கைத் தோளுக்குப் பின்னிருந்து தாளின்மேல் விழச் செய்யவேண்டும், கண்ணில் விழலாகாது.

வாங்குவது எளிது, பழகுவதே அரிது. பூதக்கண்ணாடியில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று எழுத்துகளே தெரியும். வரி தவறும், தலை வலிக்கும். ஒரு வாரத்தில் அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவோர் பலர். அருகிலிருந்து நாள்தோறும் கால்மணி நேரம் பழக்குவிக்கப் பேரன் பேத்தியர் வேண்டும்.

எல்லையில் வாழும் நமக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. தூரப் பார்வையை எப்பக்கமும் திருப்பிய குறிகளாலும் சோதிக்கலாம். படிப்புப் பார்வைக்கு அவரவர் எழுத்தே வேண்டும். தமிழ் மட்டும் கற்ற பாட்டியிடம் மலையாள அட்டையை நீட்டினால், கண்ணைச் சோதித்ததாகுமா, கல்வியைச் சோதித்ததாகுமா? அன்றியும், நம் எழுத்தில் ஒரு புள்ளி மறைந்தால் சொல்லே மாறும். மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் மங்கிய கண்ணுக்கு ஒன்றே. ஆதலால் சோதனையின்போது தமிழ் அட்டையைக் கேட்டுப் பெறுங்கள்.

வீட்டிலும் சிறு மாற்றங்கள் போதும். எவர்சில்வர் தட்டில் இட்ட வெண்சோறு தெரியாதவர்க்கு, வாழையிலையில் இட்டால் தெரிகிறது. படியின் விளிம்பில் மஞ்சள் வண்ணக் கோடு இடுங்கள். மருந்துப் புட்டியின்மேல் தடித்த கறுப்பு மையால் பெரிதாக எழுதுங்கள். இவற்றுக்குச் செல்வம் வேண்டுவதில்லை.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வையையும் ஊனமாக ஏற்றுள்ளது. நூற்றுக்கு 40 பங்கும் அதற்கு மேலும் குறையுண்டெனச் சான்று பெற்றோர் சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் எழுதித் தர நாம் இருக்கிறோம். குமாஸ்தாவுக்கு அதைவிட வேறென்ன வேலை?

சங்கத்தாரிடம் வேண்டுவது இது. திங்களுக்கு ஒருமுறை, துணைக்கு இரண்டு இளைஞருடன் முதியோர் சிலரைப் பொள்ளாச்சி வழியாகக் கோவைக்கு அனுப்பவேண்டும். பேருந்துச் செலவைச் சங்க நிதி ஏற்கவேண்டும். சர்க்கரை நோயுள்ளோர், பார்வை நன்றாயிருப்பினும், ஆண்டுக்கொரு முறை விழித்திரையைக் காட்டட்டும். அந்நோய் வலியின்றியே வருகிறது.

பெயர் கொடுக்க விரும்புவோர் விழா முடிந்ததும் செயலாளரைக் காணுங்கள். புறப்படும் நாளில் பழைய மருத்துவச் சீட்டுகளையும், இப்போது அணியும் கண்ணாடியையும், தாங்கள் படிக்க ஆசைப்படும் ஒரு தாளையும் மறவாமல் கொண்டுவாருங்கள்.