வெற்றி பெற்ற எஞ்சின் எது?

ஒரு பொருளைச் சிறந்தது என்று சொல்வது எளிது. எதனால் சிறந்தது என்று காட்டுவதே அரிது. பிரிட்டனின் பழைய ரயில்வே கம்பெனிகள் கட்டிய நீராவி எஞ்சின்களுள் பெருவெற்றி பெற்றது எது என்னும் வழக்கு அந்நாட்டிலே நெடுங்காலமாக நடந்து வருகிறது. நீராவி வண்டிகள் வழக்கொழிந்த பின்னும் இந்த வழக்கு மட்டும் ஒழியவில்லை. மாணவ நண்பர்களே, அவ்வழக்கைச் சற்று விசாரித்துப் பார்ப்போம்.

1923-ஆம் ஆண்டுக்கு முன் பிரிட்டனில் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட ரயில்வே கம்பெனிகள் இருந்தன. அந்த ஆண்டில் அவை பெரும்பாலும் நான்கு பெருங்கம்பெனிகளாக இணைக்கப்பட்டன; 1948-இல் அந்நான்கும் அரசுடைமையாயின. பெரிய கம்பெனி ஒவ்வொன்றுக்கும் சொந்தப் பட்டறை உண்டு. எஞ்சின்களை வகுத்தமைக்கும் தலைமைப் பொறியாளர் உண்டு. தன் எஞ்சினே உயர்ந்தது என்னும் பெருமிதமும் உண்டு. வழக்கின் வேர் இந்தப் பெருமிதத்திலேதான் இருக்கிறது.

முதற் கட்சியார் வேகத்தைச் சான்றாகக் காட்டுவர். 1938 ஜூலை 3-ஆம் நாள், லண்டன் நார்த் ஈஸ்டர்ன் கம்பெனியின் ‘மல்லார்ட்’ என்னும் எஞ்சின் மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடியது. நீராவி எஞ்சின்களின் வரலாற்றில் அதுவே உலக சாதனை. அதை வகுத்தவர் நைஜல் கிரெஸ்லி. இது மறுக்க முடியாத பெருமைதான். ஆயினும் எதிர்வாதம் ஒன்று உண்டு. அந்த வேகம் சரிவான பாதையிலே எட்டப்பட்டது. ஓட்டத்தின் முடிவில் ஒரு தாங்கி மிகவும் சூடேறிவிட்டது. மல்லார்ட் பீட்டர்பரோவில் கழற்றப்பட்டது. லண்டன் வரை வண்டியை இழுத்துச் சென்றது வேறொரு பழைய எஞ்சின். ஒரு நாள் ஓட்டத்தை வைத்து ஒரு வகுப்பின் வாழ்நாளை அளந்துவிடலாமா?

இரண்டாம் கட்சியார் எண்ணிக்கையைக் காட்டுவர். ஜான் ராம்ஸ்பாட்டம் வகுத்த ‘டி.எக்ஸ்.’ என்னும் சரக்கு எஞ்சின், 1858 முதல் குரூ நகரப் பட்டறையிலே கட்டப்பட்டது. ஆறு சக்கரங்கள் கொண்ட எளிய எஞ்சின் அது. மொத்தம் 943 கட்டினார்கள். பிற்காலத்தில் லண்டன் மிட்லண்ட் ஸ்காட்டிஷ் கம்பெனிக்காக வில்லியம் ஸ்டேனியர் வகுத்த ‘பிளாக் ஃபைவ்’ வகையில் 842 எஞ்சின்கள் 1934 முதல் 1951 வரை கட்டப்பட்டன. பயணிகள் வண்டியா, சரக்கு வண்டியா, எதில் பூட்டினாலும் அது இழுக்கும். 1968 ஆகஸ்டு 11-ஆம் நாள், பிரிட்டிஷ் ரயில்வேயின் முதன்மைப் பாதைகளில் நீராவிக்கு விடைகொடுத்த சிறப்பு வண்டியை இழுத்தவற்றுள்ளும் பிளாக் ஃபைவ் எஞ்சின்கள் இருந்தன. அன்றாட உழைப்பையே வெற்றி என்று கொண்டால் இக்கட்சி வலுவானது. ஆனால், பெரிய கம்பெனிக்குப் பெரிய தேவை. ஆகவே எண்ணிக்கையும் பெரிது. கம்பெனியின் அளவை எஞ்சினின் குணமாகக் கொள்ளலாகாது.

நான் மூன்றாம் கட்சியைச் சேர்ந்தவன். போட்டியாளரும் எதனிடம் பாடம் கற்றனரோ, அதுவே வெற்றி பெற்றது என்பது என் துணிபு. அவ்வாறு பார்த்தால், கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியின் ஜார்ஜ் ஜாக்சன் சர்ச்வர்ட் ஸ்விண்டன் பட்டறையிலே உருவாக்கிய ‘ஸ்டார்’ வகையே என் தேர்வு.

சர்ச்வர்ட் 1902 முதல் 1921 வரை தலைமைப் பொறுப்பில் இருந்தார். அயலார் அறிவைக் கொள்ள அவர் நாணவில்லை. அமெரிக்க எஞ்சின்களை ஆராய்ந்தார். 1903-இல் பிரான்சிலிருந்து ஓர் எஞ்சினையே விலைக்கு வாங்கித் தம் பாதையில் ஓட்டிப் பார்த்தார். அதில் நீராவி ஒரு சிலிண்டரில் வேலை செய்த பின் மற்றொன்றிலும் வேலை செய்யும். அந்தச் சிக்கலான முறையை அவர் தள்ளினார். நான்கு சிலிண்டர்கள் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும் அமைப்பை மட்டும் கொண்டார்.

சிக்கலின்றியே சிக்கனம் காண அவருக்கு வழியாயிருந்தது வால்வு. சிலிண்டருக்குள் நீராவியை விடுவதும் வெளியேற்றுவதும் வால்வின் தொழில். பிஸ்டன் சிறிது தூரம் நகர்ந்ததும் நீராவியை அடைத்துவிட்டால், உள்ளே இருக்கும் நீராவி தானே விரிந்து எஞ்சிய தூரத்தைத் தள்ளும், நிலக்கரி மிச்சமாகும். ஆனால் வால்வு குறுகிய தூரமே அசையுமாயின், அந்நிலையில் வழி மிகச் சிறிதாகவே திறக்கும், நீராவி திணறும். சர்ச்வர்ட் வால்வு நெடுந்தூரம் அசையும்படி அமைத்தார். வழி அகலத் திறந்தது. நீராவி தடையின்றிப் புகுந்து, தடையின்றி வெளியேறிற்று.

இதன் பயன் 1925-இல் வெளிப்பட்டது. ஸ்டார் வகையைச் சற்றுப் பெரிதாக்கி, சர்ச்வர்டின் பின் வந்த காலெட் அமைத்தது ‘காசில்’ வகை. அதற்கும் கிரெஸ்லியின் பெரிய எஞ்சினுக்கும் அவ்வாண்டு பரிமாற்றச் சோதனை நடந்தது. ஒவ்வொன்றும் மற்றக் கம்பெனியின் பாதையில் ஓடிற்று. காசிலின் எடை ஏறத்தாழ 80 டன். கிரெஸ்லியின் எஞ்சின் 92 டன். இலகுவான காசிலே குறைந்த நிலக்கரியில் வேலையை முடித்தது.

தோற்றவர் செய்ததுதான் இவ்வழக்கின் உயிர்நிலை. கிரெஸ்லி தம் எஞ்சினின் வால்வு அமைப்பைத் திருத்தினார். 1927-இல் திருத்திய எஞ்சின் முன்னிலும் வெகுவாகக் குறைந்த நிலக்கரியில் ஓடக் கண்டு, மற்றவற்றையும் அவ்வாறே மாற்றினார். ஸ்டேனியரோ ஸ்விண்டனிலேயே பயின்றவர். 1932-இல் லண்டன் மிட்லண்ட் ஸ்காட்டிஷ் கம்பெனிக்குச் சென்றபோது, முன்புறம் ஒடுங்கிய கொதிகலன், நெடிது அசையும் வால்வு ஆகிய ஸ்விண்டன் முறைகளைத் தம்முடன் கொண்டு சென்றார்.

இப்போது முன்னிரு கட்சியாரின் சாட்சிகளை மீண்டும் அழையுங்கள். மல்லார்டுக்குள் நெடிது அசையும் வால்வு இருக்கிறது. பிளாக் ஃபைவின் கொதிகலனோ ஸ்விண்டன் மரபில் வந்தது. வேகத்துக்கு வந்த சாட்சியும், எண்ணிக்கைக்கு வந்த சாட்சியும் சர்ச்வர்டின் பக்கமே சாய்கின்றன.

ஒரு தடை எழலாம். சர்ச்வர்டே பிறரிடம் கற்றவராயிற்றே, அவருக்கு என்ன தனிப்பெருமை என்று கேட்பீர்கள். கொள்ள வேண்டியதைக் கொண்டு, தள்ள வேண்டியதைத் தள்ளி, பல நாட்டு அறிவை ஓர் உருவாக இணைத்ததே அவர் பெருமை. ஸ்டார் வகையில் கட்டப்பட்டவை 73. அவற்றுள் ‘லோட் ஸ்டார்’ என்னும் ஒன்று மட்டும் இன்று எஞ்சியிருக்கிறது. எண்ணிக்கையில் அது தோற்றது; வேகத்திலும் தோற்றது. ஆயினும் அதை வென்றவை அதனிடமே கற்று வென்றன. ஆசிரியருக்கு இதனினும் வேறு வெற்றி உண்டோ? எஞ்சினுக்கும் அதுவே வெற்றி என்பது என் தீர்ப்பு. உங்கள் தீர்ப்பு வேறாயின், அதற்குரிய அளவுகோலையும் உடன் சொல்லுங்கள், வழக்கு தொடரட்டும்.