மலையும் படமும்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாகச் செல்லும் பாதையில், மூடுபனி சூழ நிற்பது ரிவர்ஸ்டன் மலை. பனி விலகும் ஒரு கணத்துக்காக அங்கே படப்பெட்டியுடன் காத்திருப்போர் பலர். ஒருவர் அரிதின் முயன்று ஒரு படம் பிடிக்கிறார் என்று கொள்வோம். மறுநாள் மற்றொருவர் அதே இடத்தில் நின்று அதே காட்சியைப் படம் பிடிக்கிறார். முன்னவர் அதைத் தடுக்க முடியுமா? முடியாது, மலை எவருடைய உடைமையும் அன்று. ஆனால், முன்னவரின் படத்தையே அனுமதியின்றி அச்சிட்டு நாட்காட்டியாக விற்றால், அது உரிமை மீறலாகும்.

பதிப்புரிமையின் அடிப்படை இதுவே. அது காப்பது ஆக்கத்தின் வடிவத்தை. அதன் பின்னுள்ள கருத்தையோ உண்மைச் செய்தியையோ அன்று. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இந்த வேறுபாட்டை ஏற்கிறது. ரிவர்ஸ்டன் அமைந்துள்ள நக்கிள்ஸ் மலைத்தொடர், மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இச்செய்தியை எவரும் எழுதலாம். அதனை ஓர் ஆசிரியர் எழுதிய கட்டுரையின் சொற்களோ அவருக்கே உரியவை. ஆக்கம் பிறந்தவுடன் உரிமையும் பிறக்கிறது, பதிவு வேண்டுவதில்லை.

இதனை அறியாதார் இருவகையினர். அச்சில் உள்ளதெல்லாம் பொதுச்சொத்து என்று பக்கம் பக்கமாகப் பெயர்த்தெழுதுவோர் ஒருசாரார். பிறர் எழுதிய பொருளைத் தொடவே கூடாதென அஞ்சுவோர் மறுசாரார். கற்று, உணர்ந்து, தம் சொல்லால் எழுதுவோரைச் சட்டம் தடுப்பதில்லை. திறனாய்வுக்கும் கற்பித்தலுக்கும் நியாயமான அளவில் மேற்கோள் காட்டவும் அது இடந்தருகிறது.

உரிமைக்குக் கால எல்லையும் உண்டு. இலங்கையில் அது பொதுவாக ஆசிரியரின் வாழ்நாளும், அவர் மறைந்தபின் 70 ஆண்டுகளும் ஆகும். அவ்வெல்லைக்கு முன்பே ஒரு கவிஞரின் ஆக்கங்கள் மக்களுக்கு உரியனவாக வேண்டும் என்று தமிழ்நாடு ஒருமுறை கிளர்ந்தெழுந்தது. பாரதியார் 1921இல் மறைந்தார். அவர் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை பின்னர் ஏ. வி. மெய்யப்பனிடம் இருந்தது. டி. கே. எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றபோது வழக்கு எழுந்தது. அறிஞரும் மக்களும் குரல் எழுப்பினர். 1949இல் அவ்வுரிமை சென்னை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் அப்பாடல்கள் அனைவர்க்கும் பொதுவாயின.

பொதுவானமையால், அப்பாடல்களை எவரும் அச்சிடலாம், பாடலாம். எனினும், பாரதியின் பெயரை நீக்கித் தம் பெயரை இட்டுக்கொள்வது எக்காலத்தும் தகாது. உரிமைக்காலம் முடிவுறலாம், ஆக்கியோனுக்குரிய நன்றிக்கடன் முடிவுறுவதில்லை. இவ்விரண்டையும் மாணவர்க்கு ஒருங்கே உணர்த்துவது கற்பிப்போர் கடமையாகும்.