நன்றிப் பூசை எந்த மொழியில்?

(நூற்றாண்டு விழா ஆயத்தக் கூட்டத்தில், பிலிமத்தலாவையில், அறுபதுகளில் படித்த மாணவியர் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு நன்றிப் பூசையை எந்த மொழியில் வைப்பது என்று விழாக் குழுவில் எழுந்த கேள்வி இன்னும் தீரவில்லை. சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என இரண்டு பூசை வைக்கலாம் என்கிறார்கள் சிலர். ஒரேயடியாக ஆங்கிலத்தில் வைத்தால் ஒருவருக்கும் மனக்குறை இராது, வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் விளங்கும் என்கிறார்கள் வேறு சிலர். லத்தீன் பூசை தமிழ்ப் பூசையாக மாறிய அதே ஆண்டுகளில் பாடசாலையில் இருந்தவர்கள் நாங்கள். ஆகையால் அந்த மாற்றத்தின் கதையைச் சொல்லி, பிறகு எங்கள் கருத்தையும் சொல்ல இடம் கேட்டோம். சைவ, இஸ்லாமிய, பௌத்தத் தோழியர் பொறுத்துக்கொள்ள வேண்டும். சிற்றாலயத்தில் எங்கள் பக்கத்தில் எத்தனையோ நாள் இருந்தவர்கள் நீங்கள் என்பதால் இது உங்கள் கதையும்தான்.

லத்தீன் காலத்தில் சனங்கள் ஒன்றும் விளங்காமல் வாய்மூடி இருந்தார்கள் என்று இப்போது சொல்லப்படுகிறது. அது முழு உண்மையல்ல. சுவாமியார் பீடத்தைப் பார்த்தபடி மெல்லிய குரலில் லத்தீனில் செபிப்பார். எங்கள் அம்மம்மாமார் பின்னாலிருந்து தமிழில் செபமாலை சொல்வார்கள். மணி அடித்ததும் தலை குனிவார்கள். பீடத்தில் நடந்தது ஒன்று, வாங்கில் நடந்தது இன்னொன்று. ஆனால் வாங்கில் இருந்தவர்களுக்குச் சொந்த மொழியில் சொந்தச் செல்வம் இருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கம் தடைப்பட்டிருந்த காலத்தில், 1687இல், யோசவ்வாஸ் முனிவர் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். 1692இல் கண்டிக்கு வந்து, முதலில் ஒற்றர் என்று சிறைப்பட்டு, பிறகு மன்னனின் நம்பிக்கையைப் பெற்று, 1711இல் இந்தக் கண்டியிலேயே காலமானார். அவருக்குத் துணையாக 1705இல் கோவாவிலிருந்து வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார். சிங்களத்திலும் தமிழிலும் நூல் நூலாக எழுதியவர். தபசுகாலத்தில் எங்கள் பெரியவர்கள் இராகத்தோடு வாசிக்கும் வியாகுலப் பிரசங்கம் அவர் பெயரால் வழங்குவதுதான். சிங்களக் கோவில்களின் பசன் பாட்டுக்கும் வேர் அவரிடமே இருக்கிறது. பூசை லத்தீனில் நடந்தாலும் கண்ணீர் தமிழிலும் சிங்களத்திலும்தான் வந்தது.

அந்த இரண்டையும் ஒன்றாக்க வேண்டும் என்ற எண்ணம் ஐரோப்பாவில் மெல்ல மெல்ல வளர்ந்தது. 1903இல் பாப்பரசர் 10ஆம் பத்திநாதர் தேவாலய இசை பற்றி எழுதியபோது, வழிபாட்டில் விசுவாசிகள் உயிரோட்டமாகப் பங்குகொள்வதைப் பற்றிப் பேசினார். சிறுபிள்ளைகள் ஏழு வயதளவிலேயே முதல் நன்மை வாங்கலாம் என்று 1910இல் அனுமதித்தவரும் அவரே. வெள்ளைச் சட்டையும் பூமுடியுமாக நாங்கள் சின்ன வகுப்பில் நின்ற படங்களுக்குக் காரணம் அந்தப் பாப்பரசர்தான். 1909இல் பெல்ஜியத்தில் லம்பேர்ட் போதுவேன் என்ற பெனடிக்ற் சபைத் துறவி, பூசைப் புத்தகத்தைச் சனங்களின் கையில் கொடுக்க வேண்டும் என்று பேசினார். ஒஸ்திரியாவில் யோசப் யுங்மன் என்ற இயேசுசபைக் குரு பூசையின் ஒவ்வொரு பகுதியும் எப்போது, ஏன் வந்தது என்று ஆராய்ந்து 1948இல் இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நாங்கள் நினைத்திருந்த பல பகுதிகள் இடையில் வந்தவை என்று அந்த நூல் காட்டிற்று. கீரியே எலெய்சோன் லத்தீனே அல்ல, கிரேக்கம் என்பதைக்கூட நாங்கள் மிகப் பிந்தித்தான் அறிந்தோம்.

இந்தச் சீர்திருத்தத்தின் சிற்பி என்று ஒரு பெயரைச் சொல்வதானால் அனிபாலே புஞ்ஞினி என்று சொல்ல வேண்டும். 1912இல் இத்தாலியில் பிறந்தவர், வின்சென்ற் டி போல் சபைக் குரு. 12ஆம் பத்திநாதர் 1948இல் அமைத்த வழிபாட்டுச் சீர்திருத்தக் குழுவின் செயலாளர். நடுப்பகலுக்கு முன்பே முடிந்துவிடும் பெரிய சனி வழிபாடு இரவுத் திருவிழிப்பாக மீண்டது அந்தக் குழுவின் வேலை. 1951இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1956இல் பெரிய வாரம் முழுவதும் மாறியது. சங்கத்துக்கான ஆயத்தக் குழுவிலும் செயலாளராக இருந்த புஞ்ஞினியை, 1962இல் சங்கம் தொடங்கும் வேளையில் ஒதுக்கிவிட்டார்கள். 1964இல் ஆறாம் சின்னப்பர் (இப்போது பவுல் என்கிறோம்) அவரைத் திரும்ப அழைத்து, கர்தினால் லெர்க்காரோ தலைமை தாங்கிய நிறைவேற்றுக் குழுவுக்குச் செயலாளராக்கினார். புதிய பூசைப் புத்தகத்தை உருவாக்கியது அந்தக் குழு. 1975இல் அவருடைய பதவி திடீரெனப் போயிற்று. அடுத்த ஆண்டு ஈரானுக்குப் பாப்பரசரின் தூதராக அனுப்பப்பட்டார். அமெரிக்கத் தூதரகத்தில் பிணைக்கைதிகள் இருந்த நாட்களில் அங்கே இருந்தவர் அவர்தான். 1982இல் காலமானார். அவரைப் புகழ்பவர்களும் தூற்றுபவர்களும் இன்றுவரை சண்டைபிடிக்கிறார்கள். எங்களுக்கு அவர் ஓர் உழைப்பாளியாகத் தெரிகிறார். எந்தக் குழுவிலும் எல்லா வேலையையும் தலையில் போட்டுக்கொள்ளும் ஒரு செயலாளர் இருப்பார், கடைசியில் எல்லாப் பழியும் அவர் தலையில்தான் விழும். நமது சங்கத்திலும் அது தெரிந்த சங்கதி.

1963 டிசம்பர் 4ஆந் திகதி வழிபாடு பற்றிய சங்க ஏடு 2147 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்த்தவர்கள் நான்கே பேர். 1965 மார்ச் 7, தபசுகாலத்தின் முதல் ஞாயிறு, புதிய விதிகள் நடைமுறைக்கு வந்த நாள். அன்று ஆறாம் சின்னப்பரே உரோமை நகரப் பங்கொன்றில் இத்தாலிய மொழியில் பூசை செய்தார். 1969 நவம்பர் 30இல் புதிய பூசை முறை வந்தது. அந்த ஆண்டுகளில் கண்டியின் ஆயர் லியோ நாணயக்கார. சில்வெஸ்திரின் பெனடிக்ற் துறவியான அவர், 1972இல் பதுளை புதிய மறைமாவட்டமானபோது அதன் முதல் ஆயராகப் போனார்.

நாங்கள் கண்டது இதுதான். பீடம் திரும்பியது. சுவாமியாரின் முகம் தெரிந்தது. சொற்கள் ஒவ்வொன்றாக மாறின. சர்வேசுரன் இறைவனானார், இஸ்பிரீத்து சாந்து தூய ஆவியானார், பிரியதத்தம் அருளாயிற்று, பூசையும் திருப்பலியாயிற்று. நாங்கள் இன்னும் பூசை என்றுதான் சொல்கிறோம். முழங்காலில் நின்று நன்மை வாங்கியவர்கள் எழுந்து நின்றோம். முக்காட்டுத் துணிகள் அலுமாரிக்குள் போயின. நள்ளிரவு முதல் தண்ணீரும் குடிக்காமல் இருந்த உபவாசம் முதலில் மூன்று மணித்தியாலமாகவும், 1964இல் ஒரு மணித்தியாலமாகவும் குறைந்தது.

இந்தக் கடைசி மாற்றத்தின் அருமை இலங்கைப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிறு விடுமுறை இல்லை. போயா நாளும் அதற்கு முந்தின நாளும்தான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சீருடையோடு பாடசாலைக்குப் போன தலைமுறை நாங்கள். விடியற்காலைப் பூசை, அல்லது வேலை முடிந்து மாலைப் பூசை. பழைய உபவாச விதி இருந்திருந்தால் மாலைப் பூசையில் எத்தனை பேர் நன்மை வாங்கியிருப்பார்கள்? உரோமையில் எழுதிய ஒரு விதி பேராதனை வீதி பஸ்ஸில் போய்வந்த ஒரு தாதிக்குப் பயன்பட்டது.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொன்றும் நடந்தது. புதிய விதிகளின்படி, தகுந்த ஆண் இல்லாதவிடத்து, ஆயர்கள் அனுமதித்தால், ஒரு பெண் வாசகம் வாசிக்கலாம். ஆனால் பீட முற்றத்துக்கு வெளியே நிற்க வேண்டும். பெண்கள் பாடசாலையில் தகுந்த ஆணை எங்கே தேடுவது? எங்களில் சிலர் கிராதிக்கு இப்பால் நின்று வாசித்தோம். 1972இல் வாசகர் பணி ஆண்களுக்கே என்று சட்டமாக எழுதினார்கள். அந்தச் சட்டம் மாற 2021 சனவரி வரை, பாப்பரசர் பிரான்சிஸ் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் நாற்பத்தொன்பது வருடம் நாங்கள் வாசித்துக்கொண்டுதான் இருந்தோம்.

தமிழர் ஒருவரின் பங்கையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் செஞ்சிக்கு அருகே கல்லேரியில் பிறந்த அமலோற்பவதாஸ் அடிகளார் 1967இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நிலையத்தை அமைத்தார். அவர் முன்னின்று உழைத்து, 1969 ஏப்ரலில் உரோமை ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு அம்சங்களில் குத்துவிளக்கு, ஆரத்தி, தரையில் அமர்தல், கைகூப்பிச் சமாதானம் சொல்லுதல் எல்லாம் உண்டு. அது இந்தியாவுக்கானது. இருந்தாலும் நாங்களும் கைகூப்பித்தான் சமாதானம் சொல்கிறோம். வணக்கத்துக்கும் ஆயுபோவனுக்கும் கை ஒன்றுதான்.

இனி, நாங்கள் இழந்ததைப் பற்றி. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம். 1958இல் கலவரம். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று மலையக மக்களைக் கணக்கில் பிரித்தார்கள். தோட்டப்புறத்திலிருந்து வந்த எங்கள் தோழியர் சிலரின் மேசைகள் வெறுமையாகின. பாடசாலைக்குள்ளும் சிங்களப் பிரிவு, தமிழ்ப் பிரிவு என்று வகுப்புகள் ஏற்கனவே பிரிந்திருந்தன. எல்லாரும் ஒரே வாங்கில் இருந்த இடம் சிற்றாலயம் மட்டும்தான். அங்கே ஒலித்த மொழி ஒருவருக்கும் சொந்தமில்லாத மொழி. லத்தீன் எவருக்கும் விளங்கவில்லை, அதனால் எவரையும் வெளியே நிறுத்தவுமில்லை. தாய்மொழி வந்தபோது எந்தத் தாயின் மொழி என்ற கேள்வியும் கூடவே வந்தது. முதல் மணிக்குச் சிங்களப் பூசை, அடுத்த மணிக்குத் தமிழ்ப் பூசை. ஒரு வரிசை வெளியே வர, மற்ற வரிசை உள்ளே போகும். வாசலில் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. சங்க ஏட்டைப் படித்தால், தாய்மொழிக்கு இடம் கொடுத்த அதே 54ஆம் பிரிவு, மக்கள் தமக்குரிய பகுதிகளை லத்தீனிலும் சேர்ந்து சொல்லவோ பாடவோ தெரிந்திருக்க ஏற்பாடு வேண்டும் என்றும் சொல்கிறது. 1974இல் ஆறாம் சின்னப்பர் எளிய லத்தீன் பாட்டுகள் கொண்ட சிறு புத்தகம் ஒன்றை உலகத்து ஆயர்களுக்கெல்லாம் அனுப்பினார். வெவ்வேறு மொழிக்காரர் ஒரே கோவிலில் சந்திக்கும்போது பாட ஏதாவது பொதுவில் இருக்கட்டும் என்பது நோக்கம். எங்கள் கைக்கு அந்தப் புத்தகம் வந்ததில்லை. லத்தீன் பொது மொழியாக இருப்பதன் பயன் கண்டிக்குத் தெரியாததல்ல. 13ஆம் சிங்கராயர் காலத்தில் 1893இல் அம்பிட்டியவில் தொடங்கிய பாப்பரசர் குருமடத்தில் இந்தியாவின் பல மொழிக்காரரும் இலங்கையரும் லத்தீனை வைத்துத்தான் ஒன்றாகப் படித்தார்கள். 1955இல் அது பூனாவுக்குப் போயிற்று.

வேறு வழியும் உண்டு என்பதற்குச் சாட்சி இந்தப் பிலிமத்தலாவையிலேயே இருக்கிறது. சங்க ஏடு நிறைவேறிய அதே 1963இல் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்து சபைகள் முதலானவை சேர்ந்து இங்கே இலங்கை இறையியல் கல்லூரியைத் தொடங்கின. சிங்கள மாணவர் சிங்களத்திலும் தமிழ் மாணவர் தமிழிலும் படிக்க வேண்டும், ஆனால் ஒரே வளவுக்குள் வாழ்ந்து ஒன்றாக வழிபட வேண்டும் என்பதே ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை யுத்த காலத்திலும் கைவிடவில்லை. நம்மிடம் இல்லாத பொறுமை அவர்களிடம் இருந்தது என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

பழைய லத்தீன் பூசைக்குத் திரும்ப நாங்கள் கேட்கவில்லை. தமிழில் வாசகம் கேட்டுப் பழகிய காது அதை விட்டுக்கொடுக்காது. இரண்டு பூசையும் வேண்டாம். நூறு வருடம் முடிந்த அன்றும் வாசலில் மாறிப் போவதா? முழு ஆங்கிலமும் வேண்டாம். அம்பிட்டியவிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வரும் வயதான அக்காமாருக்கு அது இன்னொரு லத்தீன்.

எங்கள் யோசனை இது. பூசை ஒன்றுதான். முதல் வாசகம் தமிழில், வாசிப்பவர் சிங்களப் பிரிவில் படித்தவர். இரண்டாவது சிங்களத்தில், வாசிப்பவர் தமிழ்ப் பிரிவில் படித்தவர். இரண்டு பேரும் பீட முற்றத்துக்குள் நின்று வாசிப்பார்கள். மன்றாட்டுகள் மும்மொழியிலும். நன்மை வாங்கும் வேளையில் தபசுகாலமல்லாவிட்டாலும் ஒரு பசன் பாட்டு. கீரியே, சாங்க்துஸ், ஆஞ்ஞுஸ் தேயி மூன்றும் பழைய மெட்டில், எல்லாரும் சேர்ந்து. எங்களுக்கு இன்னும் மனப்பாடம். தெரியாத பிள்ளைகளுக்கு மூன்று எழுத்திலும் அச்சடித்துத் தர ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். பயிற்சிக்கு நான்கு சனிக்கிழமை போதும். ஓர்கன் வாசிக்க மட்டும் ஆள் வேண்டும். எங்கள் வகுப்பில் வாசித்தவரின் விரல்களில் இப்போது வாதம்.